பாடுகிறவருக்கு இடம் விடுகிற ட்ராக்

களுவாஞ்சிகுடியில் அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்குகிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: கோர்ட் பெயர்களை அடித்துக் கொடுத்தால் பக்கவாத்தியம் போட்டுத் தருகிற மென்பொருளில்தான் ட்ராக் செய்கிறேன். லப்டொப்பிலும் ஹெட்போனிலும் பரவாயில்லை. கோயில் திருவிழாவில் ஸ்பீக்கரில் போட்டால் பிள்ளைகளின் குரல் அமுங்கிப்போகிறது, இசையும் விளையாட்டு ஓகன் வாசிக்கிற மாதிரிக் கேட்கிறது. நல்ல சவுண்ட் கார்ட் வாங்க வேண்டுமா, மென்பொருளை மாற்ற வேண்டுமா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம், தம்பி. உங்கள் ட்ராக்கில் குறைந்திருப்பது ஒன்றுமில்லை, கூடிப்போனதுதான் அதிகம். இந்த வகை மென்பொருளில் ஒவ்வொரு வாத்தியமும் தனியாகப் போட்டுக் கேட்கிறவருக்குப் பிடிக்க வேண்டுமென்று செய்யப்பட்டது. பியானோ இரண்டு கையாலும் நிரப்பி வாசிக்கும். கிற்றார் அடியிலிருந்து நுனிவரை ஒலிக்கும். ஸ்ட்ரிங்ஸ் விரிந்து பரவும். ஐந்து வாத்தியம் சேர்ந்தால் ஐந்தும் ஒரே இடத்துக்கு அடிபடும், அந்த இடம் பெரும்பாலும் பாடுகிறவருடைய இடம். மென்பொருளுக்கு உங்கள் பிள்ளைகள் பாடப்போவது தெரியாது. ஆகவே இங்கே மிக்ஸிங், அதாவது தடங்களை அளவாகக் கலப்பது, பெரும்பாலும் வேண்டாததை எடுத்துவிடுகிற வேலை.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். கனடாவின் பிஜி மியூசிக் 1990இல் வெளியிட்ட பேண்ட்-இன்-எ-பொக்ஸ் இந்த இனத்தின் மூத்த பிள்ளை. அது தொடக்கத்தில் மிடி மட்டும்தான் தந்தது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற கட்டளைகள்தான் மிடி, ஒலி அதில் இல்லை. பின்னர் ஸ்டூடியோக் கலைஞர்கள் உண்மையாக வாசித்த பதிவுகளை வெட்டி ஒட்டித் தருகிற தடங்களும் வந்தன. மிடித் தடத்தில் ஒவ்வொரு சுரத்தையும் தொட்டுத் திருத்தலாம். பதிவுத் தடத்தில் வாசிப்பு உயிரோடு இருக்கும், ஆனால் உள்ளே கைவைக்க முடியாது. உங்கள் ட்ராக்கில் இரண்டும் கலந்திருந்தால், விளையாட்டு ஓகன் மாதிரிக் கேட்பது அனேகமாக மிடித் தடங்கள்தான்.

எல்லாம் கலந்து முடிந்த ஒரே கோப்பை வைத்துக்கொண்டு ஈக்யூ (ஒலியின் அடி, நடு, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கிற கருவி) திருகாதீர்கள். அதில் பேஸைக் குறைத்தால் டிரம்மும் குறையும், கிற்றாரைத் தெளிவாக்கினால் சிம்பல் காதைக் குத்தும். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி வேவ் கோப்பாக வெளியே எடுங்கள். 44.1 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் போதும். எல்லாக் கோப்பும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்க வேண்டும், அப்போதுதான் பிறகு ஒன்றுக்கு மேல் ஒன்று பிசகாமல் உட்காரும். எடுப்பதற்கு முன் மென்பொருள் தானாகப் போட்டிருக்கிற ரிவேர்பையும் (மண்டபத்து முழக்கம் போன்ற ஒலிநீட்சி), மொத்த ஒலிக்கும் போடுகிற மாஸ்டர் எஃபெக்டையும் நிறுத்திவிடுங்கள். அவற்றைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது. அந்தத் தடங்களை ரீப்பர் போன்ற ஒரு மென்பொருளில் போட்டுக்கொள்ளுங்கள். அதை வாங்குவதற்கு முன் 60 நாள் முழுமையாகப் பாவித்துப் பார்க்கலாம். நான் கீழே சொல்லும் ஈக்யூ, கொம்ப்ரெஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), ரிவேர்ப் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன.

சுருதியையும், கோப்புகளை வெளியே எடுப்பதற்கு முன்பே தீர்மானியுங்கள். நம்மவர்கள் அடிக்கடி செய்வது இது: தன் குரலுக்கு 1 கட்டையில், அதாவது சி-யில், ட்ராக்கைச் செய்து முடிப்பார்கள். பிள்ளைகளுக்கு அது சரிவரவில்லை என்றதும் முடிந்த கோப்பை 5 கட்டைக்கு, ஜி-க்கு, இழுத்து உயர்த்துவார்கள். ஏழு அரைச்சுரம் இழுத்தால் டிரம் தகரம் மாதிரி ஆகும், கிற்றாரின் நரம்புச் சத்தம் கரகரக்கும். மென்பொருளிலேயே சுருதியை மாற்றி மறுபடி உருவாக்குங்கள், அதற்கு ஒரு நிமிடம்தான் தேவை. மாற்றியபின் பேஸை மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சில வேளை அது ஒரு ஸ்தாயி மேலே தாவிக் கிற்றாரோடு முட்டும்.

இனி வேண்டாததை எடுத்துவிடுகிற வேலை. பிள்ளைகள் பாடுகிற வரிகளில் டிரம், பேஸ், கோர்ட் வாசிக்க ஒரே ஒரு வாத்தியம், அவ்வளவுதான் இருக்க வேண்டும். பியானோவா கிற்றாரா என்று ஒன்றைத் தெரிவுசெய்து மற்றதை அந்த வரிகளில் மௌனமாக்குங்கள். முன்னிசையிலும் இடையிசையிலும் எல்லோரும் வரட்டும். ஸ்ட்ரிங்ஸ் கடைசிச் சரணத்தில் முதல் தடவையாக நுழைந்தால் பாட்டு தானாக எழும்பும். தொடக்கத்திலிருந்தே போய்க்கொண்டிருந்தால் அது வந்ததே ஒருவருக்கும் தெரியாது. மென்பொருள் தருகிற மெலடியையும் தனி வாசிப்பையும் பாடும் வரிகளிலிருந்து முழுதாக எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் ஒரு கமகம் போட்டால் அது நேர்ச்சுரத்தில் நின்று அவர்களோடு சண்டை பிடிக்கும்.

இந்த இடத்தில் என் அபிப்பிராயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். குழுப்பாடல், நாட்டார் பாடல் மெட்டு, வரவேற்புப் பாடல் எல்லாவற்றுக்கும் இந்த ட்ராக் பொருந்தும். தேவாரத்துக்கு வேண்டாம். பண்ணோடு பாடுகிற ஒன்றுக்குக் கீழே கோர்ட் மாறிக்கொண்டிருந்தால் பாடுகிற பிள்ளை பண்ணை விட்டுக் கோர்ட்டைத் தேடத் தொடங்கும். அங்கே ஒரு சுருதிப்பெட்டியும் தாளமும் போதும்.

அடுத்தது, பாட்டு இல்லாமல் மிக்ஸ் செய்யாதீர்கள். கைத்தொலைபேசியில் ஒரு பிள்ளையைப் பாடவைத்துப் பதிந்து, அந்தக் குரலை ஒரு தடமாகப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்களே பாடிப் பதிந்தால் அது பிள்ளையின் குரல் நிற்கிற இடத்தைக் காட்டாது. அந்தக் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஒவ்வொரு வாத்தியத்தின் அளவையும் முடிவு செய்ய வேண்டும், கடைசியில் அந்தத் தடத்தை மௌனமாக்கி வெளியே எடுக்கலாம். இந்த ஒரு பழக்கம் எந்த விலையுயர்ந்த பிளகினை (மென்பொருளில் சேர்க்கிற துணைக்கருவி) விடவும் உங்கள் ட்ராக்கை மாற்றும். குரலோடு கேட்டால் பியானோ எங்கே இடைஞ்சல் செய்கிறதென்று காது உடனே சொல்லிவிடும். குரல் இல்லாமல் கேட்டால் பியானோ அழகாக இருக்கும், நீங்களும் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

அளவு பார்க்கும்போது எல்லா ஃபேடரையும் கீழே இறக்கிவிட்டு, குரலை முதலில் ஏற்றி, பிறகு டிரம், பேஸ், கோர்ட் வாத்தியம் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். மாஸ்டரில் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். கேட்கிற சத்தத்தையும் கூட்டிக் குறைக்காமல், பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கக்கூடிய அளவில் வையுங்கள். பெல் ஆய்வுகூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டியதுதான்: சத்தம் குறையக் குறைய நம் காது அடித்தட்டு ஒலியை இன்னும் குறைவாகப் பிடிக்கும். இரவில் மெல்லிய சத்தத்தில் பேஸைக் கூட்டிவிட்டுப் படுத்தால் திருவிழாவில் அது உறுமும், பெரிய சத்தத்தில் செய்தால் வீட்டில் பேஸே இருக்காது.

ஈக்யூவில் கொஞ்சம் பொறுமையாக இருங்கள், பலன் இங்கேதான் அதிகம். பேஸையும் கிக் டிரம்மையும் தவிர மற்ற எல்லாத் தடத்திலும் ஹை-பாஸ் (குறித்த அளவுக்குக் கீழான ஒலியை வெட்டுவது) போடுங்கள். கிற்றாருக்கு 100 ஹேர்ட்ஸ் அளவில், பியானோவுக்கு 150 வரை, ஸ்ட்ரிங்ஸுக்கு 200 வரைகூடப் போகலாம். தனியாகக் கேட்டால் மெலிந்த மாதிரி இருக்கும், சேர்த்துக் கேட்டால் பேஸ் திடீரென்று தெளிவாகும். பியானோ மிடியாக இருந்தால் இதைவிட நல்ல வழி உண்டு. இடது கைச் சுரங்களைத் தெரிவுசெய்து அழித்துவிடுங்கள், அந்த வேலையைத்தான் பேஸ் கிற்றார் செய்துகொண்டிருக்கிறதே. அடுத்தது 200 முதல் 400 ஹேர்ட்ஸ் வரை. நீங்கள் சொல்கிற அமுக்கம் அங்கேதான் குவியும். கோர்ட் வாத்தியத்தில் 300க்குப் பக்கத்தில் 3 டெசிபல் அளவு குறைத்துப் பாருங்கள். மூன்றாவது, சொற்கள் விளங்குகிற பகுதி. பாடுகிறவரின் மெய்யெழுத்துகள் 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் பக்கத்தில்தான் தெளிவு பெறுகின்றன. ஸ்ட்ரம் கிற்றாரும் பளிச்சென்ற பியானோவும் அங்கேயே ஒலிக்கும். அவற்றில் 3 கிலோஹேர்ட்ஸ் அளவில் 2, 3 டெசிபல் அகலமாகக் குறையுங்கள். குரலை ஒரு புள்ளிகூடக் கூட்டாமலே வரி விளங்கத் தொடங்கும். எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஒரு இடத்தைக் கூட்டிவிட்டு மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள், எங்கே காதுக்கு மோசமாகக் கேட்கிறதோ அங்கே குறையுங்கள்.

பேஸுக்குத் தனியாக ஒரு விஷயம். பேஸ் கிற்றாரின் அடி நரம்பு 41 ஹேர்ட்ஸ். அதைக் கைத்தொலைபேசியோ சிறிய மேடைப்பெட்டியோ எடுத்துத் தராது. ஆனால் 82, 123 என்று மேலே போகிற அதன் பெருக்கங்கள் கேட்டால் காது அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். ஆகவே பேஸ் கேட்கவில்லையென்றால் அடியைக் கூட்டாமல், மேலேயுள்ள பெருக்கங்களைக் கூட்டித் தருகிற ஒரு சாச்சுரேஷன் பிளகினை மெல்லப் போடுங்கள் அல்லது 700, 800 ஹேர்ட்ஸ் பக்கத்தில் கொஞ்சம் கூட்டுங்கள்.

விளையாட்டு ஓகன் பிரச்சினைக்கு வருவோம். மிடிக்கு ஒலியைக் கொடுப்பது கணினியிலுள்ள ஒலித்தொகுப்பு. விண்டோஸோடு வருகிற தொகுப்பு மூன்று மெகாபைட் சொச்சத்துக்குள் எல்லா வாத்தியத்தையும் அடக்கியது, அதனால்தான் அப்படிக் கேட்கிறது. இலவசமாகக் கிடைக்கிற நல்ல சவுண்ட்ஃபொண்ட் (வாத்திய ஒலிகளின் தொகுப்புக் கோப்பு) ஒன்றை ஏற்றி, அதே மிடித் தடத்தை அதன் வழியாக எடுத்தாலே பாதித் தூரம் வந்துவிடும். மீதிப் பாதி வாசிப்பில் இருக்கிறது. டிரம் தடத்தைத் திறந்து ஹை-ஹட்டின் அழுத்தத்தைப் பாருங்கள். எல்லா அடியும் 100 என்று ஒரே அளவாக இருந்தால் மனிதக் கை அங்கே இல்லையென்று கேட்கிறவருக்கு உடனே தெரியும். தாளத்தில் விழுகிற அடியை 95க்கும், இடையில் விழுவதை 65, 70க்கும் மாற்றுங்கள். ஸ்னேரை 5 முதல் 10 மில்லிசெக்கன் பின்னுக்குத் தள்ளினால் பாட்டு ஆறுதலாக நடக்கும். அடிகளைத் தானாகச் சற்றே முன்பின்னாக்குகிற ஹியூமனைஸ் என்ற பொத்தானை எல்லாத் தடத்துக்கும் அழுத்திவிடாதீர்கள். கிக்கும் பேஸும் சேர்ந்தே விழ வேண்டும், அவை பிரிந்தால் தாளம் தளரும்.

ஒன்று மட்டும் எந்தத் தொகுப்பாலும் சரியாக வராது. 1991இல் வந்த ஜெனரல் மிடித் தரத்தின் தாளக்கருவிப் பட்டியலில் 47 ஒலிகள் உண்டு. கொங்கா இருக்கிறது, பொங்கோ இருக்கிறது. மிருதங்கமோ தபேலாவோ இல்லை. அதனால்தான் நம் மெட்டுக்குச் செய்த ட்ராக்கிலும் வேறெங்கோ அடிக்கிற தாளம் வந்து நிற்கிறது. இதற்கு நல்ல மருந்து நம் ஊரிலேயே இருக்கிறது. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடிக் கூத்துக்கு மத்தளமும் சல்லாரியும் (கைத்தாளம்) பிடிக்கிற கைகள் ஊருக்கு ஊர் உண்டு. அம்மன் சடங்குக்கு உடுக்கு அடிக்கிறவர்கள் உண்டு. காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் நண்பர்கள் இருந்தால் றபான் அடிக்கிற ஒருவரைக் கேட்கலாம். உடுக்கைச் சடங்கு மரியாதையோடு வைத்திருப்பவர்களிடம் பாட்டுக்கு அடிக்கச் சொல்வதானால் முதலில் அவர்களிடமே கேளுங்கள், சிலர் விரும்பமாட்டார்கள். ஒரே ஒரு உண்மையான தாள வாத்தியம் சேர்ந்தால் சுற்றியுள்ள மிடியும் உண்மையாகத் தோன்றத் தொடங்கும். காது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மற்றதை மன்னித்துவிடும்.

பதிவதற்கு ஸ்டூடியோ தேவையில்லை. மெத்தையும் உடுப்பும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறை, ஓடாத மின்விசிறி, வாத்தியத்திலிருந்து மூன்று அடி தூரத்தில் கைத்தொலைபேசி. வாசிப்பவர் ட்ராக்கை இயர்போனில் கேட்க வேண்டும், ஸ்பீக்கரில் போட்டால் அதுவும் பதிவுக்குள் வந்துவிடும். சல்லாரி மிகவும் கூரானது, அதை இன்னும் தூரத்தில் வைத்துப் பதிந்து, மிக்ஸில் குரலுக்கு நன்றாகக் கீழே வையுங்கள்.

கொம்ப்ரெஸரைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பதிவுத் தடங்கள் ஸ்டூடியோவிலேயே அழுத்தப்பட்டுத்தான் வருகின்றன, மறுபடி அழுத்தினால் உயிர் போகும். நீங்கள் புதிதாகப் பதிந்த மத்தளத்துக்கு 3:1 விகிதத்தில் 3, 4 டெசிபல் குறைகிற மாதிரிப் போடலாம். மாஸ்டரில் 2:1, ஒரு டெசிபல் அசைந்தால் போதும்.

ரிவேர்ப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒவ்வொரு தடத்துக்கும் ஒவ்வொரு ரிவேர்ப் போடாதீர்கள். தனியாக ஒரே ஒரு ரிவேர்ப் தடம் வைத்து, எல்லா வாத்தியத்திலிருந்தும் அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புங்கள். மிடிப் பியானோவும் எங்கோ பதிந்த கிற்றாரும் உங்கள் படுக்கையறை மத்தளமும் அப்போதுதான் ஒரே மண்டபத்தில் இருக்கிற மாதிரிக் கேட்கும். நீளம் 1.2 செக்கன் அளவு, முன்தாமதம் (ரிவேர்ப் தொடங்குமுன் விடுகிற இடைவெளி) 20 மில்லிசெக்கன், ரிவேர்ப் தடத்திலேயே 500 ஹேர்ட்ஸுக்குக் கீழேயும் 7 கிலோஹேர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடுங்கள். பேஸையும் கிக்கையும் அதற்குள் அனுப்பவே வேண்டாம்.

ஆனால் ட்ராக் எங்கே ஒலிக்கப்போகிறது என்பதைப் பொறுத்து இதுவும் மாறும். கோயில் வீதியில் கம்பத்துக்குக் கம்பம் ஹோர்ன் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். 100 மீற்றர் தள்ளியிருக்கிற ஹோர்னின் சத்தம் உங்களிடம் வந்துசேர ஏறத்தாழ 0.3 செக்கன் ஆகும். பக்கத்து ஹோர்ன் முதலில், தூரத்து ஹோர்ன் பிறகு என்று வீதியே ஒரு எதிரொலியைச் செய்துகொண்டிருக்கும்போது ட்ராக்கிலும் ரிவேர்ப் இருந்தால் ஒரு சொல்லும் விளங்காது. பெரிய தேவாலய மண்டபத்திலும் கட்டடமே ரிவேர்பைத் தந்துவிடும். ஆகவே மேடைக்கு ஒன்று, யூடியூப்பில் போட ஒன்று என்று இரண்டு பிரதி எடுங்கள். மேடைப் பிரதியில் ரிவேர்ப் தடத்தைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள்.

அந்த ஹோர்னை வீட்டிலிருந்தே சோதிக்கலாம். மாஸ்டரில் தற்காலிகமாக ஒரு ஈக்யூ போட்டு 300 ஹேர்ட்ஸுக்குக் கீழேயும் 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேலேயும் முழுதாக வெட்டி, மோனோவாக்கி, அதாவது இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கிக் கேளுங்கள். ஹோர்ன் மாதிரிக்கு மாதிரி வேறுபட்டாலும் ஏறத்தாழ இதுதான் அதன் வழியாக வரும். இப்படிக் கேட்கும்போதும் தாளம் தெரிகிறதா, கோர்ட் மாறுவது தெரிகிறதா, பிள்ளையின் வரி விளங்குகிறதா? மூன்றும் தெரிந்தால் எந்த மேடையிலும் பிழைத்துக்கொள்வீர்கள். மோனோவாக்கியதும் ஸ்ட்ரிங்ஸோ பியானோவோ பாதியாய்க் காணாமற்போனால், அந்த ஒலி செயற்கையாக விரிக்கப்பட்டது, இடமும் வலமும் ஒன்றையொன்று அழிக்கின்றன. அந்தத் தடத்தின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் பாவியுங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு வயர் பிரச்சினையும் உண்டு. நல்ல மிக்ஸும் இதில் கெட்டுப்போகிறது என்பதால் சொல்கிறேன். லப்டொப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரே ஒரு எக்ஸ்எல்ஆர் (மூன்று முனையுள்ள) மைக் துளைக்குப் போகிற வயரை சவுண்ட்ஸ்காரர் சிலர் தருவார்கள். மைக் துளை இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கும். இடமும் வலமும் அந்த இரண்டு கம்பியில் வந்தால், நடுவிலிருக்கிற கிக், பேஸ் எல்லாம் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறையும், ஓரத்து ரிவேர்ப் மட்டும் மிஞ்சும். மோனோ ட்ராக் போட்டால் ஒன்றுமே கேட்காது. ஸ்டீரியோவை இரண்டு தனி ஜக்காகப் பிரிக்கிற வயரை நீங்களே கொண்டுபோங்கள், மேடை மோனோவாக இருந்தால் இரண்டில் ஒன்றை மட்டும் குத்தி மோனோப் பிரதியைப் போடுங்கள். ஹம் சத்தம் வந்தால் முதலில் லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

சத்த அளவுக்கு: யூடியூப் ஏறத்தாழ மைனஸ் 14 லஃப்ஸுக்கு (காதுக்குக் கேட்கிற சத்தத்தின் அளவீடு) மேலே இருக்கிறதைத் தானே குறைத்துவிடும், ஆகவே அதற்கு மேலே, உச்சத்தைத் தடுக்கிற லிமிட்டரால் நசுக்கி ஏற்றுவதில் பயனில்லை. மேடைப் பிரதியை மைனஸ் 18 பக்கத்தில் விடுங்கள், சத்தம் கூட்ட மேடையில் ஆம்பிளிஃபையர் இருக்கிறது. ஒரு நிகழ்ச்சியில் போடுகிற எல்லாப் பாட்டும் ஒரே அளவில் இருப்பதுதான் முக்கியம். இல்லையென்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் சவுண்ட்ஸ்காரர் கை வைப்பார், முதல் வரி போய்விடும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள்.

காசு செலவழிக்கத்தான் போகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுகிறேன். சவுண்ட் கார்ட் மைக் வைத்துப் பதிகிறவருக்குத்தான் உதவும், மென்பொருள் தருகிற ட்ராக்கின் ஒலியை அது மாற்றாது. முதலில் காதை முழுதாக மூடுகிற, பேஸை ஊதிக்காட்டாத ஒரு ஹெட்போன் வாங்குங்கள். அடுத்ததாக, பிள்ளைகளோடு சேர்த்து மத்தளத்தையும் வீட்டில் பதியத் தொடங்கினால், அப்போது இரண்டு மைக் துளையுள்ள ஒரு சிறிய சவுண்ட் கார்ட். இப்போது செய்துவைத்திருக்கிற ஒரு பாட்டை எடுத்து, குரல் தடத்தைப் போட்டு, பியானோவையும் ஸ்ட்ரிங்ஸையும் பாடும் வரிகளில் மௌனமாக்கி இன்றைக்கே கேளுங்கள். அதற்குப் பிறகும் குரல் அமுங்கினால் எந்த வாத்தியம், எந்த வரியில் என்று எழுதுங்கள், அந்தத் தடத்தைப் பார்ப்போம்.